பந்தியை வெட்டாதவர்

அவருடைய தோள்பையில் எப்போதும் ஒரு டிஸ்க் இருக்கும். அதில் கடல் இருந்தது. ராயபுரம் கரையில் கொட்டிய கற்களின் மேல் அலை வந்து மோதித் தெறிக்கும். மொத்தம் மூன்று நிமிடம். பாட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது. யார் வீட்டுக்குப் போனாலும், காபி வேண்டுமா என்று அவர்கள் கேட்பதற்குள் அந்த டிஸ்கை எடுத்து அவர்கள் ப்ளேயரில் போட்டுவிடுவார். டிவிக்கு இரண்டடி தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டு மூன்று நிமிடமும் பார்ப்பார். சில வீடுகளில் முழுதாகப் பார்ப்பார். சில வீடுகளில் பாதியிலேயே தலையை ஆட்டிவிட்டு டிஸ்கை வெளியே எடுத்துவிடுவார்.

நாங்கள் அவரை அக்கா என்று கூப்பிட்டோம். காலடிப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் அவருடைய அண்ணன் மளிகைக் கடை வைத்திருந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். கடைக்கு மேலே ஓர் அறை. அரிசி மூட்டை வாசனை படியேறி அங்கே வந்துவிடும். அந்த அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அக்கா கல்யாண கேசட்டுகளை டிஸ்காக மாற்றிக் கொடுத்தார். இரண்டாயிரத்து மூன்று, நான்கு இருக்கும். தெருவில் எல்லோரும் கேசட் போடும் டெக்கைப் பரண்மேல் போட்டுவிட்டு விசிடி ப்ளேயர் வாங்கிக்கொண்டிருந்த காலம்.

கேசட்டை நீட்டினால் அதை வாங்க மாட்டார். முதலில் ஒரு கேள்வி.

"வீட்ல என்ன ப்ளேயர் வச்சிருக்கீய?"

பேரைச் சொன்னாலும் நம்ப மாட்டார். வெளியே ஒரு கம்பெனி பேர் இருக்கும், உள்ளே வேறு எதுவோ இருக்கும் என்பார். ஆகவே நேரில் போய்ப் பார்ப்பார். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் அவர் ஏறாத மாடிப்படி இல்லை. கொண்டித்தோப்பில் ஒரு வீட்டுக்கு மூன்று தடவை போனதாக அவருடைய அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். வாடிக்கையாளர்களுக்கு இது பெரிய தொல்லை. "யக்கா, டிஸ்கு குட்து அனுப்பிச்சியா, வேல முடிஞ்சிதா. இன்னாத்துக்கு இத்தினி பேஜாரு பண்ற?" என்று கத்துவார்கள். "எங்கிட்ட ஓடி என்ன செய்யுதது? அங்கன ஓடணும்லா" என்பார்.

நான் துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கம்பி போட்டுக் கட்டும் வேலையில் இருந்தேன். ஐந்தாவது வரைதான் படிப்பு. ஆட்களிடம் பேசக் கூச்சப்படுவேன். அக்காவும் அதிகம் பேசாதவர் என்பதால் அந்த அறையில் போய் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்தது. அந்தக் கடல் டிஸ்கின் ரகசியத்தை அங்கேதான் தெரிந்துகொண்டேன். மூன்று நிமிடமும் அதே அலைதான். ஆனால் முதல் நிமிடத்தைச் சாதாவாகப் பதிந்திருந்தார். இரண்டாவதைக் கொஞ்சம் உசத்தியாக. மூன்றாவதை இன்னும் உசத்தியாக. சாதாவில் பதிந்தால் ஒரு டிஸ்கில் எண்பது நிமிடம் கொள்ளும், எல்லா ப்ளேயரிலும் ஓடும். ஆனால் படத்தில் எது வேகமாக அசைகிறதோ அது கட்டம் கட்டமாக உடையும். உசத்தியாகப் பதிந்தால் உடையாது, ஆனால் டிஸ்கில் பாதிதான் கொள்ளும், பழைய ப்ளேயர்கள் திக்கி நின்றுவிடும். முதல் நிமிடத்தில் அலையின் நுனி சின்னச் சின்னச் செங்கல்லாக உடையும். மூன்றாவது நிமிடத்தில் துளித்துளியாகத் தெறிக்கும். எந்த நிமிடத்தில் ப்ளேயர் திக்குகிறதோ, அதற்கு முந்தின தரத்தில்தான் அந்த வீட்டுக்கு டிஸ்க்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. சாலையில் கன்டெய்னர் லாரி ஓடிக்கொண்டிருந்தால் டிஸ்க் எழுத மாட்டார். லாரி போனால் கட்டடமே அதிரும். எழுதும் பெட்டிக்கு அடியில் நான்கு சாக்கை மடித்து வைத்திருந்தார், அதுவும் போதாது என்பார். துறைமுக வாசலில் நெரிசலாகி லாரிகள் எண்ணூர் வரைக்கும் வரிசைகட்டி நிற்கும் நாள் உண்டல்லவா? ஊரே திட்டிக்கொண்டிருக்கும். அக்கா மட்டும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "லாரி நின்னுட்டு, நின்னுட்டு" என்று அவசரமாகப் போய் உட்காருவார்.

ஒருமுறை போலீஸ் வந்தது. புதுப்பட டிஸ்க் போடுகிறார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உண்மையில் புதுப்படம் கேட்டு வருபவர்களை அவர் படியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். வந்த போலீஸ்காரர் நம்பவில்லை. "சென்ட்ரல் ஜெயிலுக்கு அனுப்பிடுவேன்" என்று மிரட்டி, இருந்த டிஸ்க் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார். பகல் முழுக்க ஸ்டேஷனில் உட்கார்ந்து அடுத்தவர் கல்யாணங்களைப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் கடல் வந்திருக்கிறது. இது என்ன படம் என்று சந்தேகமாகக் கேட்டதற்கு அக்கா, "உங்க ப்ளேயர் ரெண்டாவது நிமிசத்துல திக்குது சார், லென்ஸ் போச்சு" என்று சொன்னாராம். விட்டுவிட்டார்கள். அவர் பயந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அன்று படியேறி வரும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்தேன்.

பந்தி விஷயத்துக்கு வருகிறேன். கல்யாண கேசட் எப்படியும் மூன்று மணி நேரம் இருக்கும். இரண்டு டிஸ்கில் அடக்க வேண்டுமென்றால் எதையாவது வெட்டியாக வேண்டும். எல்லோரும் வெட்டச் சொல்வது பந்தியைத்தான். சாப்பிடுவதை யார் பார்ப்பார்கள் என்பார்கள். அக்காவும் முதலில் வெட்டிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அப்படி வெட்டச் சொல்லி டிஸ்க் வாங்கிப்போன ஒருவர் ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தார். அப்பா இறந்துவிட்டார். அவர் அப்பா மேடைக்கு வராத மனிதர். அந்தக் கல்யாணத்தில் பந்தியில் மட்டும்தான் இருந்தார். கேசட்டில் வீட்டார் டிவி சீரியலைப் பதிந்து கல்யாணத்தை அழித்துவிட்டார்கள். அந்த ஆள் மாடிப்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அக்கா பந்தியை வெட்டுவதில்லை. "டிஸ்கு கூட ஆனா ஆகட்டும்" என்றுவிடுவார்.

அவர் எனக்கு ஒன்றைக் காட்டியிருக்கிறார். வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிக்கொண்டு இலைவரிசையில் நடந்து வரும்போது, வெளிச்சம் முகத்தில் பட்டதும் சாப்பிடுகிறவர் கை நின்றுவிடும். வாய்க்குப் போன கவளம் பாதியில் நிற்கும். வெளிச்சம் நகர்கிறவரை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். "கல்யாணத்துல வேற எங்கனயும் மனுசன் நிக்க மாட்டான் தம்பி. இங்கனதான் மூஞ்சி உடையாது."

அதைக் கேட்டபோது நான் சிரித்தேன். பிறகு என் தங்கையின் கேசட்டை அவரிடம் கொண்டுபோக வேண்டிய நாள் வந்தது.

தங்கை புருஷன் எண்ணூரில் ஒரு யார்டில் வேலை பார்த்தான். கிரேன் கம்பி அறுந்து இறந்துபோனான். தங்கையின் இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. கம்பெனி அவன் மனைவிக்கு வேலை தருவதாக ஒத்துக்கொண்டது. ஆனால் அவனுடைய அண்ணன், தம்பிக்குக் கல்யாணமே ஆகவில்லை, அந்த வேலை எங்கள் வீட்டுக்குத்தான் என்று மனுக் கொடுத்துவிட்டான். வேறு சாதிப் பெண் என்று ஆரம்பத்திலிருந்தே அந்த வீட்டில் ஆகாது. கல்யாணம் ஒரு சின்ன அம்மன் கோயிலில் நடந்தது. பதிவும் செய்யவில்லை, ரசீதும் இல்லை. போட்டோக்களைக் காட்டினால், மாலை போட்டு நின்றால் கல்யாணமா, எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர்கூட இல்லையே என்றான். அவன் அம்மாவும், எனக்கு எதுவும் தெரியாது, நான் போகவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

ஆனால் அவர் வந்திருந்தார். பெரிய மகனுக்குத் தெரியாமல் தனியாக வந்து, கூட்டத்தின் பின்னால் நின்று, மேடைக்கு வராமல், போட்டோவுக்கும் வராமல் போனார். தங்கைக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தொழிலாளர் அலுவலகத்தில் விசாரித்த அதிகாரி, வீடியோ இருந்தால் டிஸ்காகக் கொண்டுவாருங்கள், பார்த்து முடிவு செய்கிறேன் என்று ஒரு நாள் குறித்தார். அன்றோடு முடிவு.

கடற்காற்றில் கேசட் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தது. அக்கா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஒருக்காதான் ஓடும்" என்றார். இரண்டு நாள் அதைக் கையாலேயே சுற்றிச் சுற்றி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தார். மூன்றாம் நாள் காலையில் ஓடவிட்டார். இரண்டே முக்கால் மணி நேரம் ஓடியது. டெக்குக்குள் ஏதாவது கீச்சிட்டால் அவர் விரல் நிறுத்தும் பொத்தானுக்குப் போகும், தொடாமல் திரும்பி வரும். நாடா கடைசிக்கு வந்து தட்டென்று நின்றபோதுதான் இருவரும் மூச்சு விட்டோம்.

தாலி கட்டும் இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா இருந்தார். அரிசி பறக்கிறது, பின்னால் பச்சைப் புடவை, கை உயர்கிறது, முகம். அந்த இடத்தை அக்கா இரண்டு விதமாகப் பதிந்து காட்டினார். உசத்தியில் ஒவ்வோர் அரிசியும் தனித்தனியாக விழுந்தது, அந்தம்மா முகமும் தெரிந்தது. சாதாவில் அரிசி பறந்ததும் எல்லாம் கட்டமாகி, முகம் இருந்த இடத்தில் மாநிறத்தில் ஒரு சதுரம் மட்டும் இருந்தது.

"உசத்தியிலயே போட்டுக் குடுங்கக்கா" என்றேன்.

"அங்க என்ன ப்ளேயர்?"

அலுவலகத்தில் ப்ளேயர் இல்லை. அங்கிருந்த கிளார்க் ஒருவர் விசாரணை நாளில் தன் வீட்டிலிருந்து எடுத்துவருவதாகச் சொல்லியிருந்தார். அக்கா தோள்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பெரம்பூரில் அந்தக் கிளார்க் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தோம். கதவைத் திறந்த அவர் மனைவி எங்களை ஏதோ விற்க வந்தவர்கள் என்று நினைத்தார். அக்கா மூன்று நிமிடம் கடலைப் போட அனுமதி வாங்கினார். இரண்டாவது நிமிடம் ஆரம்பித்ததும் அலை நடுவானத்தில் அப்படியே நின்றது.

"சாதாதான்" என்றார்.

எங்கள் தொழிற்சங்கத்துக்காரர் வேறு நெருக்கினார். அதிகாரிக்குப் பத்து நிமிஷம்தான் நேரம், தாலி கட்டுகிற இடத்தை மட்டும் ஒரு டிஸ்கில் போடு, சோறு தின்றதையெல்லாம் வெட்டித் தள்ளு என்றார். அக்காவிடம் போய்ச் சொன்னேன். வெட்டினால் ஒட்டுப்போட்டது என்று சொல்வார்கள் என்றார். முழுசையும் மூன்று டிஸ்கில் பிரித்தார். பழைய ப்ளேயர் டிஸ்கின் உள்பக்கத்தை, அதாவது ஆரம்பத்தைத்தான் நன்றாகப் படிக்கும் என்று, மூன்றாவது டிஸ்க் பந்தியில் ஆரம்பிக்கும்படி வைத்தார். லாரி நிற்பதற்காக ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து எழுதினார். தங்கை வீட்டு ப்ளேயர் மூன்றாவது நிமிடத்தையும் தாங்கும் என்பதால், அவள் வீட்டில் வைத்துக்கொள்ள உசத்தியில் தாலி கட்டும் பகுதியைத் தனியாக ஒரு டிஸ்கில் கொடுத்தார். "இது வீட்டுக்கு. அங்க கொண்டு போவாத" என்றார்.

நான் கொண்டுபோனேன். அந்த முகத்தை அவ்வளவு தெளிவாகப் பார்த்த பிறகு, மாநிறச் சதுரத்தை எடுத்துப்போய் நீட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒருவேளை இன்றைக்கு ஓடிவிடலாம் என்று தோன்றியது. சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய், கிளார்க்கிடம் முதலில் அதைத்தான் கொடுத்தேன்.

ப்ளேயர் சுற்றியது. சத்தம் கூடிக்கொண்டே போனது. திரை நீலமாகவே இருந்தது. திறக்கும் பொத்தானை அமுக்கினால் தட்டு வெளியே வரவில்லை. கிளார்க் ப்ளேயரின் தலையில் தட்டினார், பக்கத்தில் தட்டினார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அண்ணன் அம்மாவோடு சுவரோரமாக உட்கார்ந்திருந்தான்.

"கண்ணாலமே நடக்கல சார், படம் எங்கேர்ந்து வரும்?" என்றான்.

தங்கை என்னைப் பார்த்தாள். ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகிய பிறகு தட்டு மெதுவாக வெளியே வந்தது. அதிகாரி, வேறு டிஸ்க் இருக்கிறதா, இல்லையென்றால் எழுதிவிடலாமா என்று கேட்டார். அக்காவின் முதல் டிஸ்கைக் கொடுத்தேன். அது போட்டதும் ஓடியது. தாலி கட்டும் இடம் வந்தது. அரிசி பறந்தது. எல்லாம் கட்டமானது.

தங்கை எழுந்து போய்த் திரையில் அந்தச் சதுரத்தைத் தொட்டுக் காட்டினாள். "இதோ சார், அத்தே."

"இன்னா சார் இது, கட்டம் கட்டமா கீது. இதுல எங்கம்மா எங்க கீது? எங்கம்மாவ நீயே பாத்துக்கோ சார், இங்கதான் குந்திகினு கீது."

அந்தம்மா நிமிரவில்லை. அதிகாரி பேனா மூடியைத் திறந்தார். கூட வந்த சங்கத்துக்காரர் காகிதங்களைப் பையில் வைக்க ஆரம்பித்தார். அந்த அறையில் நான்தான் பேச வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

"சார்... மூணாவது டிஸ்கு கீது சார். பந்தி."

"சாப்பிடறதையா பாக்கணும்?"

"ஆமா சார்."

என்ன நினைத்தாரோ, சரி என்றார்.

மூன்றாவது டிஸ்க் தடுமாறாமல் பிடித்தது. எடுத்தவுடன் இலைவரிசை. விளக்கு நகர்ந்து வந்தது. ஒவ்வொருவராகக் கை நின்றது. கடைசி இலையில், சுவரோரம், பச்சைப் புடவையில் அந்தம்மா. வெளிச்சம் பட்டதும் கவளத்தோடு கை நின்றுவிட்டது. நேராகப் பார்த்தார். ஒரு கட்டம்கூட இல்லை. நெற்றிப் பொட்டு தெரிந்தது, மூக்குத்தி தெரிந்தது. அப்போது பின்னாலிருந்து மாப்பிள்ளை, மாலையைக் கழற்றாமல் வந்து குனிந்து, தன் கையிலிருந்த அப்பளத்தை அவர் இலையில் வைத்தான். ஏதோ சொன்னான், வீடியோக்காரர் மேலே போட்டிருந்த பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. அந்தம்மா அவன் கையில் செல்லமாக ஒரு அடி போட்டுச் சிரித்தார். விளக்கு நகர்ந்துவிட்டது.

"இதெல்லாம் எடிட்டிங் சார்" என்று அண்ணன் ஆரம்பித்தான்.

அந்தம்மா எழுந்துவிட்டார். மகன் முந்தானையைப் பிடித்தான், அது நழுவியது. டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று கிளார்க்கிடம் சொன்னார்:

"நைனா, அத்த இன்னொரு தபா போடு."

கிளார்க் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையசைத்தார். இன்னொரு தடவை போட்டார்கள். அதற்குப் பிறகும் ஒரு தடவை. அதிகாரி மெதுவாக, இது யாரம்மா என்று கேட்டார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்.

"எம் புள்ள சார். அவன் கண்ணாலத்துல. எனக்கு அப்ளம்னா உசுரு. அவனுத எட்த்துகினு வந்து எனக்கு வச்சான்."

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். அதிகாரி எழுதினார். தங்கைக்கு அந்த வேலை கிடைத்தது.

அன்று நேராக அக்காவிடம் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன், உசத்தி டிஸ்கைக் கொண்டுபோனதையும் சேர்த்து. அவர் முகம் மாறியது. "தட்டு வெளிய வராமலே போயிருந்தா?" என்றார். ஜன்னலுக்கு வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தம்மா வீட்ல என்ன ப்ளேயர்?"

தெரியாது என்றேன்.

"கேக்கலியா?"

தோள்பையிலிருந்து கடல் டிஸ்கை எடுத்து என் கையில் கொடுத்தார். அதை அவர் அதுவரை யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அந்த வீடு தண்டையார்பேட்டையில் இருந்தது. தெருவை இரண்டு தடவை சுற்றிவிட்டுத்தான் கதவைத் தட்டினேன். அண்ணன்தான் திறந்தான். என்னைப் பார்த்தான், கையிலிருந்த டிஸ்கைப் பார்த்தான், வழிவிட்டான். அந்தம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டிஸ்கைப் போட்டேன். டிவிக்கு இரண்டடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முதல் நிமிடம், அலையின் நுனி செங்கல்லாக உடைந்தது. இரண்டாவது நிமிடம் நிற்கவில்லை. மூன்றாவது நிமிடத்தில் தண்ணீர் துளித்துளியாகத் தெறித்துக் கல்லின் மேல் விழுந்தது.

"இன்னாப்பா இது, வெறும் கடலா கீது?" என்றார் அந்தம்மா.

"டெஸ்ட்டு அத்தே" என்றேன். "உங்க ப்ளேயர்ல அரிசிகூட ஒண்ணொண்ணா தெரியும்."